நேரம் எழுதி வாங்க வந்த அப்பா

சென்ற வாரம் ஆய்வகத்துக்குள் ஓணான் புகுந்த கதையைப் படித்துவிட்டுச் சிரித்ததாக நிறையப் பேர் சொன்னீர்கள். இந்த வாரமும் அதே ஆய்வகம்தான். சிரிப்புக்கு மட்டும் என்னால் உத்தரவாதம் தர முடியாது.

ஒரு வியாழக்கிழமை, மதிய இடைவேளை. சூளகிரிப் பக்கம் இருக்கும் எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியின் ஆய்வகத்தில் உட்கார்ந்து தயிர்சாதத்தைத் திறந்தேன். வாசலில் ஓர் ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். சாம்பல் நிறக் கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் மடித்த வெள்ளைத் தாள்.

"காவ்யா அப்பாங்க டீச்சர். மாதேஷ். ரெண்டாம் ஷிப்ட்டுக்குப் போற வழியில அப்படியே வந்தேன்."

காவ்யா என் ஒன்பதாம் வகுப்பு மாணவி. பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன், ஊரையும் கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்கிறேன். முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை என் வகுப்பில்தான் அவள் வயதுக்கு வந்தாள். இவருக்குப் போன் செய்து சொன்னதும் நான்தான்.

"ஒரு சர்ட்டிபிகேட் வேணுங்க டீச்சர்."

"சாதியா, வருமானமா? அதெல்லாம் இ-சேவையில போய் வாங்கணும்."

"அது இல்லீங்க. பாப்பா வயசுக்கு வந்த நேரம். பதினொன்னு இருபதுன்னு போன்ல சொன்னீங்களே, அத ஸ்கூல் தாள்ல எழுதி சீல் வச்சுக் குடுத்தீங்கன்னா போதும்."

இருபத்திரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், தொலைந்துபோன பஸ் பாஸுக்குக் கடிதம் என்று என்னென்னவோ எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்படி ஒன்றை எவரும் கேட்டதில்லை.

"எதுக்கு?"

"ஜாதகம் எழுதங்க. பொறந்த நேரத்துக்கு ஒண்ணு இருக்குது. பெரியவளான நேரத்துக்குத் தனியா ஒண்ணு எழுதணும். வூட்டுல நடந்திருந்தா நாங்களே சொல்லிருப்போம். ஸ்கூல்ல நடந்ததால ஸ்கூல்லருந்தே எழுதி வாங்கிக்கினு வாங்கன்னுட்டாரு ஜோசியரு." தாளை நீட்டினார். "நம்ம கம்பெனியிலயும் அப்படித்தானுங்க. ஒரு போல்ட்டு கேட்டுக்கு வெளிய போவணும்னாலும் எழுத்து வேணும்."

மனுஷன் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஜாதகம் எழுதி என்ன செய்யப் போறீங்க?"

"வர்ற ஞாயித்துக்கெழம தண்ணி ஊத்திச் சடங்கு பண்றோம். நாட்றாம்பாளையத்துலருந்து எம் மச்சான் வர்றான், பாப்பாவுக்குத் தாய்மாமன். நேரம் நல்லாருந்தா அன்னிக்கே அவனுக்கு உறுதி பண்ணிக்கலாம்னு பேச்சு. கல்யாணம் இப்ப இல்லீங்க, வாய்வார்த்த மட்டுந்தான். படிப்பு ஒம்போதாவதோட போதும்ங்கறாங்க அவங்க."

தலைமையாசிரியை விடுப்பில் இருந்தார், சீல் பீரோவுக்குள் பூட்டியிருந்தது. கடவுள் புண்ணியத்தில் அது உண்மை. நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். தயிர்சாதம் அப்படியே மூடப்பட்டது.

என் நோட்டின் பெருமை

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. கணவருக்கு ஓசூரில் வேலை கிடைத்ததால் இங்கே வந்து ஒட்டிக்கொண்டவள். எங்கள் வீட்டில் சுவரில் தொங்குவது சபை காலண்டர். ராகு காலம் எது, எமகண்டம் எது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பெண் பெரியவளான நிமிஷத்தை வைத்து ஒரு ஜாதகம் எழுதுவார்கள் என்பது, ஐம்பது வயதில், அந்த வியாழக்கிழமைதான் தெரிந்தது.

மாதேஷ் போனதும் தமிழாசிரியை கோமதியிடம் ஓடினேன்.

"ருது ஜாதகம் தெரியாதா எஸ்தர் டீச்சர் உங்களுக்கு? இது தெரியாமயா நிமிஷம் சுத்தமா நேரம் சொன்னீங்க?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

நிமிஷம் சுத்தமாகச் சொன்னதற்குக் காரணம் என் நோட்டு. கொஞ்சம் பின்னால் போய்த்தான் இதைச் சொல்ல வேண்டும்.

எனக்கு அது வந்தது விடுதியில், எட்டாம் வகுப்பில். வார்டன் அக்கா ஒரு பழைய சேலைத் துண்டும் இரண்டு ஊக்கும் கொடுத்து, "யார்ட்டயும் சொல்லிக்கிடாத, என்ன" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பாடம். ஏதோ கெட்ட நோய் வந்துவிட்டது, லீவுக்கு வீட்டுக்குப் போவதற்குள் செத்துப்போவேன் என்றே இரண்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாதே என்று சொல்லியிருந்தார்களே!

அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் டீச்சரான பிறகு, என்னிடம் படிக்கும் எந்தப் பிள்ளைக்கும் அந்த நிலை வரக்கூடாது என்று இருந்தேன். மாதம் ஒருநாள் பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டுப் பெண் பிள்ளைகளோடு பேசுவேன். ஆறு மணி நேரத்துக்குள் நாப்கினை மாற்ற வேண்டும், துணி வைத்தால் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும், தேதியைக் குறித்து வைக்க வேண்டும். என் தெற்கத்தி "ஏட்டி"யைக் கேட்டு முதலில் சிரிப்பார்கள். பிறகு கேள்வி கேட்பார்கள்.

பள்ளிக் கழிப்பறையில் பத்து மணிக்கு மேல் தண்ணீர் வராது. நாப்கின் எரிக்கும் பெட்டிக்குள் துடைப்பம் இருந்தது. அதற்கெல்லாம் சண்டை போட்டு, பாதி ஜெயித்தேன். அரசாங்கம் கொடுக்கும் நாப்கின்கள் ஆய்வக அலமாரியில் இருக்கும். வயதுக்கு வந்த பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று, பெயருக்கு நேரே கையெழுத்து. அது போக எனக்கென்று ஒரு நோட்டு. எந்தப் பிள்ளைக்கு எப்போது வந்தது, அடுத்தது எப்போது வரலாம், எல்லாம் தேதி நேரத்தோடு. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பிரமாதம் மேடம்" என்றார். ஒரு வாரம் என் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை

மூன்றாவது பாடவேளை. தாவரத் திசுக்கள் நடத்திக்கொண்டிருந்தேன். காவ்யா எழுந்து நின்றாள், உடனே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துப் பிள்ளை என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டியது. பாவாடையில் கறை.

ஆய்வகத்துக்கு அழைத்துப்போய் நாப்கின் கொடுத்தேன். மாற்றுப் பாவாடை கொடுத்தேன். வெல்லம் கொடுத்தேன். பயப்படாதேட்டி என்று முதுகைத் தடவினேன். அவள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தாள். முதல் தடவை, பயம் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். நாப்கினை எப்படி வைப்பது என்று ஒரு வார்த்தை அவள் கேட்கவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. நோட்டைத் திறந்து 11.20 என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

அவளுடைய அம்மா மஞ்சுளா ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இரண்டு தடவை அடித்தேன், எடுக்கவில்லை. "விட்டுடுங்க டீச்சர், சாயங்காலம் நானே சொல்லிக்கறேன்" என்றாள் காவ்யா. "சும்மா இரிட்டி, வெட்கப்பட இதுல ஒண்ணும் இல்ல" என்று அவள் அப்பா எண்ணுக்கு அடித்தேன். அவர் நேரம் கேட்டார். "நோட்டுல குறிச்சிருக்கேன், பதினொன்னு இருபது" என்று நானும் சொன்னேன்.

குறுக்கே ஒரு பைப்

வியாழக்கிழமைக்குத் திரும்புகிறேன். பள்ளி விட்டதும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே காவ்யா வீட்டுக்குப் போனேன்.

லைன் வீடு. ஒரே வரிசையில் பன்னிரண்டு கதவு, எல்லோருக்கும் சேர்த்து ஒரு மொட்டை மாடி. அப்பா ஷிப்ட்டுக்குப் போய்விட்டார், அம்மா இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மா துணைக்கு வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரே அறை. பின் கதவோரம் பாயில் காவ்யா, பக்கத்தில் தனித் தட்டு, தனி டம்ளர். அந்த மூலைக்கும் மீதி வீட்டுக்கும் நடுவில் உலக்கை போடுவது வழக்கமாம். லைன் வீட்டில் உலக்கைக்கு எங்கே போவது? பிளம்பிங் பைப் ஒன்றைக் குறுக்கே போட்டிருந்தார்கள். நான் அதைத் தாண்டிப் போய்ப் பாயிலேயே உட்கார்ந்தேன்.

"உங்கப்பா நேரம் எழுதிக் கேட்டு வந்தார்" என்றேன்.

அவள் தலையைத் தூக்கவே இல்லை.

"டீச்சர், அன்னிக்கு வந்தது மொத தடவ இல்ல."

"என்னது?"

"நாலாவது. மூணு மாசமா வருது."

பூண்டு உரிக்கும் அம்மாவுக்குக் கேட்டுவிடுமோ என்று வாசலைப் பார்த்தேன்.

"ஏம்ட்டி சொல்லல?"

"சொன்னா தண்ணி ஊத்துவாங்க. பெரியப்பா பொண்ணு ஷோபாக்காவுக்கு ஊத்தின அன்னிக்கே உறுதி பண்ணாங்க. அடுத்த வருசமே கல்யாணம். அது என்னவிட நல்லாப் படிக்கும் டீச்சர். இப்ப கொழந்தைய வச்சிக்கினு ஆடு மேய்க்குது."

"அலமாரியில நாப்கின் இருந்துச்சே. என்கிட்ட மட்டுமாவது கேட்டிருக்கலாமே?"

"கேட்டா லிஸ்ட்ல பேரு எழுதுவீங்க."

பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது.

அம்மாவின் பழைய நைட்டியைக் கிழித்து வைத்திருக்கிறாள். தண்ணீர் டிரம்முக்குப் பின்னால், ஈரச் சுவரோரம் காயப்போட்டிருக்கிறாள். "வெயில்ல போடணும்னு எத்தனை தடவை சொன்னேன்!" என்று பல்லைக் கடித்தேன்.

"மாடியில பன்னெண்டு வூட்டுத் துணி காயும் டீச்சர். எது யாருதுன்னு எல்லாருக்கும் தெரியும்." குரலைத் தாழ்த்தி, "ஒண்ணுக்குப் போறப்ப எரியுது. நமைச்சல் வேற. ரெண்டு வாரமா" என்றாள்.

மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். தண்ணீர் ஊற்றும்வரை இந்தப் பைப்பைத் தாண்டி அவளை யார் வெளியே விடுவார்கள்? நிறையத் தண்ணீர் குடி, அந்தத் துணியை இனித் தொடாதே என்று சொல்லி, கொண்டுபோன நாப்கின்களைப் பாய்க்கு அடியில் வைத்தேன்.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர். மூணு மாசமா அந்த நாளுலயும் சாமி படத்துக்கு வெளக்கு ஏத்தினேன். கோயிலுக்குக்கூடப் போனேன். தெரிஞ்சா கொன்னே போட்டுடுவாரு."

மூன்று வழி, மூன்றிலும் முள்

வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு. 11.20 என்பது பொய் நேரம். உண்மையைச் சொன்னால் பிள்ளைக்கு அடி விழும், சடங்கும் நிற்காது. எழுதிக் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை உறுதி. குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லலாம் என்றால், கல்யாணத் தேதியே இல்லாத கல்யாணத்தை யார் வந்து நிறுத்துவார்கள்?

கோமதிக்குப் போன் போட்டேன். "ஏதாவது கெட்ட நேரமாப் பாத்துச் சொல்லுங்க, அதையே எழுதிடறேன்."

"ஐயையோ, அந்த வேலையே வேண்டாம்! பரிகாரம் பண்ணிட்டு உறுதி பண்ணிடுவாங்க. ஆகாத நேரத்துல உக்காந்தவங்கற பேரு மட்டும் ஆயுசுக்கும் அவமேல ஒட்டிக்கும்."

கோமதி சொன்னது சரி. என் அவசர புத்திக்கு அன்றைக்கு ஒரு கடிவாளம் போட்டார்.

கம்பெனி பஸ் வருவதற்குள்

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு நெடுஞ்சாலை நிறுத்தத்தில் போய் நின்றேன். நல்ல குளிர். நீலக் கோட்டுப் போட்ட பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். மஞ்சுளா என்னைப் பார்த்ததும் கூட்டத்தை விட்டுத் தள்ளி வந்தார். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதுதான் இருக்கும்.

காவ்யா சொன்னதைச் சொல்லாமல் எப்படிப் பேசுவது என்று நான் இழுத்துக்கொண்டிருந்தேன். அவரே வெட்டிவிட்டார்.

"எனக்குத் தெரியுங்க டீச்சர். மூணு மாசமாத் தெரியும்."

"தெரியுமா?"

"நைட்டி காணோம்னா வூட்டுக்காரிக்குத் தெரியாதுங்களா? டிரம்முக்குப் பின்னாடி துணி கெடந்தா கண்ணுல படாதுங்களா? அவ சொல்லல, நானும் கேக்கல. ஒம்போதாவது போவட்டும், பத்தாவதும் போவட்டும்னு வாய மூடிக்கினு இருந்தேன். எனக்கும் பதினஞ்சுலதான் கட்டி வச்சாங்க." கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார். "நீங்க அவரு போனுக்கு அடிச்சிட்டீங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. தாயும் மகளும் ஒரே அறைக்குள் ஒருவருக்கொருவர் தெரியாமல் மூன்று மாதம் காத்து வந்ததை, ஒரே போன் காலில் நான் உடைத்துப் போட்டிருக்கிறேன். பேசாமல் இருப்பதுதான் பாவம் என்று வாழ்நாளெல்லாம் வகுப்பு எடுத்தவள் நான்.

"நான் என்ன செய்யட்டும், சொல்லும்மா."

"நேரத்த மட்டும் எழுதித் தராதீங்க. மீதிய நான் பாத்துக்கறேன். மாப்பிள்ளங்கறது எந் தம்பிதானுங்களே? நேரம் தெரியாத பொண்ண எந் தம்பி தலையில கட்ட மாட்டேன்னு ஒரே புடியா நிப்பேன். மகளுக்காகப் பேசினா எவனும் கேக்க மாட்டான். தம்பிக்காகப் பேசினா எங்கம்மாவே எம்பக்கம் வந்துடும்."

"அவளுக்கு எரிச்சல் இருக்கும்மா. டாக்டர்கிட்ட..."

"தெரியாதுங்களே! எப்பருந்து?" முதல் தடவையாக அவர் முகம் மாறியது. அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறிய பிறகும் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு போனார்.

மதியம் மாதேஷ் வந்தார். வெள்ளைத் தாள் அதே மடிப்போடு கையில் இருந்தது.

"எழுதித் தர முடியாதுங்க" என்றேன்.

"நோட்டுல இருக்குதுன்னீங்களே?"

"நான் பார்த்த நேரம் அது. வந்த நேரம் எனக்கு எப்படித் தெரியும்? காலையில வந்திருக்கலாம். அதுக்கும் முன்னால வந்திருக்கலாம்."

"அப்ப, பாத்த நேரம்னே எழுதுங்க."

"பள்ளிக்கூடத்துல அதெல்லாம் எழுதக் கூடாது. பதினெட்டுக்கு முன்னால கல்யாணம்னு காதுல விழுந்தா நான் சொல்ல வேண்டிய இடத்துல சொல்லிடுவேன், அதையும் கேட்டுக்கோங்க."

குரல் அதட்டலாகத்தான் வந்தது. கெட்ட மனுஷன் இல்லை அவர். மழை நாளில் தன் கோட்டை மகளுக்குப் போட்டுவிட்டு, நனைந்தபடி பைக்கில் கொண்டுவந்து விடுகிறவர். அவர் கோபப்படவும் இல்லை.

"நீங்க நல்லது பண்ணுவீங்கன்னு நெனச்சேன் டீச்சர்" என்று தாளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

திங்கட்கிழமை

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உட்கார்ந்திருந்தேனே தவிர, பிரசங்கத்தில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. மஞ்சுளா பிடி தளர்ந்துவிட்டால்? தம்பியே பிடிவாதம் பிடித்தால்? பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போனை எடுத்துப் பார்த்தேன். கணவர் முறைத்தார். ஒரு அழைப்பும் வரவில்லை.

திங்கட்கிழமை வருகைப் பதிவில் அவள் பெயரைக் கூப்பிட்டபோது பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். இல்லை. அவள் பெயருக்கு நேரே ஒன்றும் போடாமல் பேனாவை மூடிவிட்டேன். அன்றைக்கு என்ன பாடம் நடத்தினேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

பத்தரை மணிக்கு வாசலில் வந்து நின்றாள். முகத்தில் மஞ்சள் பூச்சு, கையில் நிறையக் கண்ணாடி வளையல், தோளில் புத்தகப் பை.

இடைவேளையில் ஆய்வகத்துக்கு வரச் சொன்னேன்.

"அம்மா சண்ட போட்டுச்சு டீச்சர். மாமன் கோவிச்சிக்கினு சாப்புடாமயே போயிட்டாரு. நேரமே தெரியாம எப்படின்னு பாட்டியும் சொல்லிடுச்சு. பத்தாவது முடியட்டும், அப்பறம் பாக்கலாம்னு பேசிக்கினாங்க."

அப்பறம் பாக்கலாம். அந்த இரண்டு வார்த்தையை நம்புவதா, அதற்குப் பயப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. கையில் கிடைத்தது ஒன்றரை வருடம். அதற்கே கும்பிடு போட்டேன்.

"எரிச்சல் எப்படி இருக்கு?"

"இன்னும் இருக்குது."

"இப்பவே போகலாம் வா, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. லேடி டாக்டர் இருப்பாங்க. தலைமையாசிரியைட்ட சொல்லிட்டேன்."

"அம்மாவும் பர்மிஷன் போட்டுட்டு நேரா அங்க வந்துடறேன்னுச்சு." காவ்யா நகராமல் நின்றாள். என் கையில் இருந்த போனையே பார்த்தாள். "அப்பாவுக்குப் போன் பண்ணிடாதீங்க டீச்சர்."

"பண்ண மாட்டேன்ட்டி."

அப்போதும் அவள் நகரவில்லை. நான் போனை அணைத்து அவள் கையில் கொடுத்தேன். திரை கறுத்துவிட்டதா என்று திருப்பிப் பார்த்துவிட்டு, அதைத் தன் புத்தகப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடிய பிறகுதான் என்னோடு நடந்தாள்.